பதினாலாம் நம்பர் வீட்டு எலிகள்

கண்ணம்மாளுக்குக் கட்டைவிரல்தான் கண். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிற கம்பெனி ஒன்றில் இருபது வருஷமாகப் பிசிறு எடுக்கிற வேலை பார்த்தாள். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மையில், இரண்டு பாதியும் ஒட்டின இடத்தில் மெல்லிசாக ஒரு கோடு எழும்பி நிற்கும். அந்தப் பிசிறைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து, கட்டைவிரலால் ஒரு தடவு தடவுவாள். மயிரிழை வெடிப்பு இருந்தாலும் தெரிந்துவிடும். "கண்ணம்மா கைபட்டுச் சூளைக்குப் போன பொம்ம வெடிச்சதே இல்ல" என்று மேஸ்திரி மாயவன் நாலு பேர் நடுவில் சொல்லுவார். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, "எல்லாம் பழமலநாதரு குடுத்தது" என்று ஊர்க் கோயில் பக்கம் கும்பிடுவாள்.

அந்த விரல் வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது. பக்கத்து வீட்டில் என்ன பிசிறு இருக்கிறது என்று மனசுக்குள் தடவிக்கொண்டே இருக்கும். ஒன்றும் அகப்படாது. அதுதான் அவளுக்கு இருந்த ஒரே வியாதி.

பக்கத்து வீடு என்றாலும் அது வேறு வீடு இல்லை. மாமனார் கட்டின ஓட்டு வீடு, தெருவில் பதினாலாம் நம்பர். அவர் கண் மூடின பிறகு அண்ணன் தம்பி இருவரும் நடுவில் ஒரு செங்கல் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டார்கள். தெற்குப் பாதி மூத்தவர் ராஜமாணிக்கத்துக்கு. அவர் கண்ணம்மாளின் வீட்டுக்காரர், சூளையில் வேலை. வடக்குப் பாதி இளையவன் ஆனந்தராஜுக்கு. ஜங்ஷன் வாசலில் ஆட்டோ ஓட்டுகிறவன். செங்கல் தீர்ந்ததோ, கொத்தனாருக்கு வேறு வேலை வந்ததோ, அந்தச் சுவர் உத்திரத்துக்கு ஒரு முழம் கீழேயே நின்றுவிட்டது. அந்த ஒரு முழ இடைவெளி வழியாக இந்தப் பக்கத்துத் தாளிப்பு அந்தப் பக்கம் போகும். அந்தப் பக்கத்துச் சிரிப்பு இந்தப் பக்கம் வரும்.

சிரிப்புதான் அதிகம் வந்தது. ஆனந்தராஜின் பெண்சாதி பூர்ணிமா, பன்னிரண்டாவது படித்தவள். கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. அதற்காக அவள் முகம் வாடி ஒரு நாளும் கண்ணம்மாள் பார்த்ததில்லை. சாயங்காலம் ஆட்டோ வந்து நின்றால் மல்லிகைப்பூ வாசனையும் பரோட்டா வாசனையும் சேர்ந்து சுவர் ஏறி வரும். ராஜமாணிக்கமும் நல்ல மனுஷன்தான். ஆனால் சூளைச் சூட்டில் வெந்து வருகிறவருக்குப் பூ ஞாபகம் எங்கே வரும்? வந்ததும் "தண்ணி" என்பார். குடித்ததும் "பாய்" என்பார். அவ்வளவுதான் பேச்சு.

கண்ணம்மாளின் ஒரே மகள் துர்கா ஒன்பதாவது படித்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் பையை இந்தப் பக்கம் போட்டுவிட்டு அந்தப் பக்கம் ஓடிவிடுவாள்.

"தல வாரிக்க இங்க சீப்பு இல்லியாடி?" என்று கண்ணம்மாள் கேட்பாள்.

"சித்தி பின்னுனா சாயங்காலம் வரைக்கும் அவுராதும்மா."

"அப்ப நான் பின்னுனா?"

"நீ பின்னுனா கண்ணு மேல இழுத்துக்குது."

பெற்றவள் பின்னினால் கண் மேலே இழுக்கிறதாம். அந்தப் பேச்சை அவள் மூன்று நாள் மென்றாள்.

சுனாமி வந்த மறு வருஷம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. மணிமுத்தாறு இரண்டு கரையும் தொட்டு ஓடியது. வயல் வரப்பெல்லாம் தண்ணீரில் முழுக, எலிகள் ஊருக்குள் ஏறின. அதே சமயம் கம்பெனியில் கார்த்திகை அகல் விளக்குக்கு ஆர்டர் குவிந்தது. ஆள் போதாமல், விளக்குகளை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிற வேலையை வீட்டுக்கே கொடுத்தனுப்பினார் மாயவன். கண்ணம்மாள் வீட்டில் ஒரு மூலை முழுக்க வைக்கோல் கட்டு, கூரை தொடுகிற உயரத்துக்கு.

முதலில் ஒரு எலி வந்தது. பிறகு எண்ணிக்கை இல்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கே சுவர்மேல் வரிசையாக ஓடும். அரிசி மூட்டையில் ஓட்டை. சோப்பில் பல்தடம். ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் பெயரில் பாதியைத் தின்றுவிட்டது. சாமி விளக்கில் எண்ணெய்த் திரியை உருவிக்கொண்டு ஓடியது ஒன்று. நல்லவேளை, அணைந்த திரி. எரிகிற திரியாக இருந்து வைக்கோலில் போய் விழுந்திருந்தால் தெருவே இருந்திருக்காது. உத்திரத்தில் போன கரண்ட் ஒயரைக் கடித்து, ஒரு நாள் பொறி பறந்தது.

ராஜமாணிக்கம் எலிமருந்து வாங்கி வந்தார். கண்ணம்மாள் அதை வாசலோடு திருப்பி அனுப்பினாள்.

"ஆவணி பூரா பிள்ளையாரு காலடியில எலிக்குப் பிசிறு எடுத்த கை இது. இதே கையால அதுக்கு மருந்து வெக்கிறதா?"

"அப்ப பிள்ளையாரையே வந்து கூட்டிட்டுப் போவச் சொல்லு" என்று சொல்லிவிட்டு அவர் பாயை விரித்தார்.

எலி வந்ததுகூடப் பெரிசில்லை. ஏழை வீடு, மழைக்காலம், வரத்தான் செய்யும். ஆனால் அவ்வளவு எலியும் சுவரின் உச்சி வரை ஓடிவிட்டு இந்தப் பக்கமே இறங்கின. வடக்குப் பக்கம் ஒன்றுகூடப் போகவில்லை. ஏனென்றால் அங்கே ஒரு பூனை இருந்தது. யாரும் வாங்கி வளர்த்தது இல்லை. தானாக வந்து பூர்ணிமாவின் ஆட்டுக்கல் மேல் உட்கார்ந்துகொண்ட சாம்பல் பூனை. பூனையும் தேடி வருவது அவள் வீட்டைத்தான்.

கண்ணம்மாள் வெட்கத்தை விட்டுக் கேட்டாள். "பூர்ணி, அந்தப் பூனைய ரெண்டு நாளு இங்க அனுப்பேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பு. "பூனையக் கைமாத்து கேட்டு வந்த மொத ஆளு நீங்கதாங்க்கா! வந்தா ஓட்டிக்கிட்டுப் போங்க. நானா புடிச்சி வெச்சிருக்கிறேன்?"

கண்ணம்மாள் நெத்திலிக் கருவாடு சுட்டு வைத்தாள். பூனை சுவர் ஏறி வந்தது, தின்றது, கையை நக்கிக்கொண்டது, சுவர் ஏறித் திரும்பிப் போனது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள், அது தின்றுகொண்டிருக்கும்போதே அதன் முதுகுப் பக்கமாக ஒரு எலி ஓடியது. பூனை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தின்பது இங்கே, காவல் அங்கே. கண்ணம்மாளுக்கு வயிறு எரிந்தது.

தீபாவளிக்குத் துர்காவுக்கு நீலப் பட்டுப் பாவாடையும் தாவணியும் எடுத்து வைத்திருந்தாள். ராத்திரி கண்விழித்துப் பெட்டி அடுக்கின கூலியில் அவளாகக் கடை ஏறி, அவளாக நிறம் பார்த்து எடுத்தது. தீபாவளியன்று காலையில் தகரப் பெட்டியைத் திறந்தால் பாவாடை சல்லடையாக இருந்தது. நடுவில் ரோஜா நிறத்தில் ஐந்து எலிக்குஞ்சுகள், கண் திறக்காமல்.

அவள் அழவில்லை. குஞ்சுகளை முறத்தில் ஏந்திக் கொல்லையில் விட்டுவிட்டு வந்தாள். வந்து பார்த்தால், துர்கா வாசலில் புதுச் சுடிதாரில் நிற்கிறாள். மாம்பழ நிறம், நெஞ்சில் கண்ணாடி வேலைப்பாடு.

"சித்தி எடுத்து வெச்சிருந்தாங்களாம்மா. எப்பிடி இருக்குது?"

நன்றாக இருந்தது. அதுதான் தாங்கவில்லை. அவள் கையால் எடுத்தது எலிக்கு, பூர்ணிமா கையால் எடுத்தது பிள்ளைக்கு.

அடுத்த செவ்வாய்க்கிழமை குளித்து, ஒரு வேளை பட்டினி கிடந்து, மணவாளநல்லூருக்கு நடந்தாள். அங்கே கொளஞ்சியப்பர் என்கிற முருகன் சன்னிதியில் பிராது கட்டுவது இந்தப் பக்கத்து வழக்கம். போலீசில் எழுதிக் கொடுக்கிற மாதிரி, நம்முடைய குறையையும் யாரால் குறை என்பதையும் தாளில் எழுதி சாமி காலடியில் வைத்து வாங்கி, காவல் சாமி முனியப்பர் முன்னால் வேலில் கட்டிவிட வேண்டும். மூன்று மாசத்துக்குள் சாமி தீர்ப்புச் சொல்லிவிடுவார் என்று நம்பிக்கை. தீர்ந்ததும் மறக்காமல் வந்து ராஜினாமா எழுதி, பிராதைத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும்.

எழுதிக் கொடுக்க ஆள் இருந்தார்கள். ஆனாலும் இதை இன்னொருத்தர் காதில் போட அவளுக்குக் கூச்சம். அஞ்சாவது வரை படித்த கையால் அவளே எழுதினாள்.

"அப்பா கொளஞ்சியப்பா. எங்கள் வீட்டில் எலித் தொல்லை தாங்கவில்லை. பூர்ணிமா வீட்டில் ஒரு எலி இல்லை. இது ஞாயமா. என் வீட்டு எலி பூராவும் அவள் வீட்டுக்குப் போக வேண்டும். பிராது கொடுப்பவர் கண்ணம்மாள், பதினாலாம் நம்பர் வீடு. எதிரி பூர்ணிமா, பதினாலாம் நம்பர் வீடு."

எட்டாக மடித்துக் கட்டிவிட்டு வந்தாள். பஸ்ஸில் வரும்போது மனசு லேசாக இருந்தது.

இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. கார்த்திகை மாசம் பிறந்த வாரம், கடைசிப் பெட்டியும் கட்டி முடிந்து, லாரி வந்து விளக்குகளையும் மிச்ச வைக்கோலையும் ஏற்றிக்கொண்டு போனது. அதற்கு மூன்றாம் நாள், விளக்கு வைக்கிற நேரம், சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு அலறல்.

"ஐயோ, ஏங்க! எலிங்க! அரிசிப் பானையில எலி!"

கண்ணம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். அன்றைக்குச் சோறு ஒரு கரண்டி அதிகம் இறங்கியது.

சாமி கணக்காகத்தான் செய்தார். இவள் வீட்டில் ஒரு எலி இல்லை. அந்தப் பக்கம் டிவி ஒயர் போயிற்று, மிக்ஸி ஒயர் போயிற்று. பூனை சினையாக இருந்தது. ஓட முடியாமல் வயிற்றைத் தூக்கிக்கொண்டு நடந்தது. ஒரு நாள் சுவர் ஏறி இறங்கி, கண்ணம்மாளின் காலி விளக்குப் பெட்டிக்குள் படுத்து நாலு குட்டி போட்டது. எலி போயிற்று, பூனை வந்தாயிற்று. வீடு பிரித்த நாளிலிருந்து அவளுக்கு அப்படி ஒரு நாள் விடிந்ததில்லை.

"அக்கா, ஒங்க வூட்ல எலி வருதுங்களா?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. சிரிப்பில்லாத குரல்.

"இங்க ஏது எலி? வூட்டச் சுத்தமா வெச்சிக்கிட்டா அது ஏன் வரப்போவுது?"

கொஞ்ச நேரத்தில் விளக்குமாறு சத்தம் கேட்டது. பூர்ணிமா வீடு முழுக்கத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். மழைக்குச் சுவரோரம் ஊறின தண்ணீர் வேறு. காலில் செருப்பில்லாமல், பித்தவெடிப்போடு, தினமும் அந்த எலி மூத்திரத் தண்ணீரில் நின்று தேய்த்தாள். கண்ணம்மாள் சொன்ன ஒரு சொல்லுக்காகத் தேய்த்தாள்.

பத்து நாள் கழித்து அவளுக்குக் காய்ச்சல். ஆனந்தராஜ் ஆட்டோவை எடுக்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்து கால் பிடித்துவிட்டான். "எங்க வலிக்குது பூர்ணி? கெண்டக்காலா? இங்கியா?" என்று அவன் கேட்பது சுவர் ஏறி வந்தது. கண்ணம்மாள் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே கேட்டாள். காய்ச்சலில் படுத்தால்கூட அவளுக்குக் கால் பிடிக்க ஆள். தனக்குப் போன வருஷம் விஷக்காய்ச்சல் வந்தபோது ராஜமாணிக்கம், "கஞ்சி வெச்சிக் குடி" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போனார். கரைத்த புளியில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் துர்கா ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அம்மா, சித்தி கண்ணு மஞ்சளா இருக்குதும்மா. எழுந்திரிக்கவே முடியல."

கண்ணம்மாள் அந்தப் பக்கம் போனாள். பூர்ணிமா பாயில் சுருண்டு கிடந்தாள். கண்ணின் வெள்ளை மஞ்சளாகி, ஓரம் ரத்தமாகச் சிவந்திருந்தது. "அக்கா" என்றாள். அதற்கு மேல் வரவில்லை.

ஆட்டோவில் அவளை மடியில் சாய்த்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனது கண்ணம்மாள்தான். டாக்டரம்மா காலைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள். "வூட்ல எலி இருக்குதா?" என்று கேட்டாள். கண்ணம்மாள் பூர்ணிமாவின் கால் வெடிப்பையே பார்த்தாள்.

"இருக்குதுங்க மேடம், நெறய" என்றான் ஆனந்தராஜ்.

"எலிக்காய்ச்சலா இருக்கும். எலி மூத்திரம் தண்ணில கலந்து, கால் வெடிப்பு வழியா ஒடம்புக்குள்ள போயிடுது. மூனு நாளா என்னா பண்ணீங்க? கிட்னியப் புடிச்சிருக்குமோன்னு பயமா இருக்குது. ஊசி போட்டுடறேன், உடனே பாண்டிச்சேரிக்குக் கொண்டு போங்க."

ஆம்புலன்ஸ் கிளம்பிப் போன பிறகு கண்ணம்மாள் ஆஸ்பத்திரி வாசலில் நின்ற இடத்திலேயே நின்றாள். வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. கம்பெனிக்குப் போய், மாயவனிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னாள். பிராதையும் சொன்னாள்.

மாயவன் தலையில் அடித்துக்கொண்டார். "அட நீ ஒன்னு! நெல்லோட கெடந்த வைக்கோலு. எலி அதுல குடும்பம் நடத்துச்சி. வைக்கோலு லாரி ஏறுனதும் எடமில்லாம அடுத்த பக்கம் தாவுச்சி. வூட்டுக்கு வைக்கோலு அனுப்புனவன் நானு. கட்டுறதுன்னா எம்மேல கட்டு பிராது."

கேட்கும்போதே தெரிந்தது, அது நிஜம்தான் என்று. எலியை வரவழைத்ததும் அவள் வீட்டு வைக்கோல்தான், அனுப்பி வைத்ததும் அதுதான். ஆனாலும் மனசு ஆறவில்லை.

"வைக்கோலு போச்சி, எலி போச்சி. சரிதாங்கண்ணா. ஆனா போவணும்னு சாமிகிட்ட எழுதிக் குடுத்தது வைக்கோலு இல்லியே. வூட்டச் சுத்தமா வெச்சிக்கன்னு சொன்னதும் வைக்கோலு இல்லியே."



மறுநாள் விடிந்ததும் மணவாளநல்லூர். அன்றைக்குப் பெரிய கார்த்திகை. ஊரெல்லாம் விளக்குக்கு எண்ணெய் வாங்கிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை அவள் கை பேனாவைப் பிடிக்க மறுத்தது. வெளியே எழுதிக் கொடுக்கிற பெரியவரிடம் உட்கார்ந்தாள்.

"ராஜினாமாவாம்மா? வேண்டுனது நெறவேறிச்சா?"

"நெறவேறிடிச்சிங்க. அதாங்க கஷ்டம்."

பெரியவர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "பிராது குடுத்தது யாரு, விலாசம்?"

"கண்ணம்மாளுங்க. பதினாலாம் நம்பர் வூடு." தெருப் பெயரும் சொன்னாள்.

"எதிரி?"

"பூர்ணிமா. பதினாலாம் நம்பர் வூடு."

பேனா நின்றது. "ஏம்மா, நம்பரு மாத்திச் சொல்றியா? ரெண்டு பேருக்கும் ஒரே நம்பரு போடுற. சாமி எந்த வூட்டுக்குன்னு தீர்ப்புச் சொல்லுவாரு? ஒரே வூடா, வேற வேற வூடா?"

சுவர் வைத்து ஏழு வருஷம். அந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. முனிசிபாலிட்டிக்காரன்கூட இன்னொரு நம்பர் எழுதவில்லை. கண்ணம்மாள் கட்டைவிரலால் ஆள்காட்டி விரலைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"ஒரே வூடுதாங்க" என்றாள் கடைசியில். "எதிரின்னு எழுதாதீங்க. எங்கொழுந்தன் பொஞ்சாதின்னு எழுதுங்க. குத்தம் எம்பேருல எழுதிக்குங்க. எலி எனக்கே வரட்டும். அவ எழுந்து வரணும்."

"ராஜினாமால புதுசா வேண்டக்கூடாதும்மா."

"அப்ப அத வாயால சொல்லிக்கிறேன்."

சொன்னாள். முனியப்பர் முன்னால் முழங்காலிட்டு, பக்கத்தில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி உரக்கவே சொன்னாள். அன்று இரவு வீட்டில் ஏற்றின விளக்குகளில் பாதியை வடக்குப் பக்கத்து வாசலில் வைத்தாள்.

பூர்ணிமா இருபத்தைந்து நாள் பாண்டிச்சேரியில் இருந்தாள். கிட்னி தப்பியது. அதற்குள் கண்ணம்மாள் வடக்குப் பக்கத்தைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினாள், ராஜமாணிக்கத்தின் பழைய பூட்ஸைக் காலில் மாட்டிக்கொண்டு. பானையெல்லாம் வெந்நீரில் போட்டாள். கம்பெனியிலிருந்து மண்ணும் உடைந்த பீங்கான் சில்லும் கொண்டுவந்து, இரண்டு பக்கத்து வளைகளையும் அடைத்துக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். பிசிறு இல்லை.

பொங்கலுக்கு முன்வாரம் பூர்ணிமா வந்தாள், பாதி ஆளாக. அன்று சாயங்காலம், ஆளுக்கொரு பக்கம் சுவரில் முதுகு சாய்த்து உட்கார்ந்திருக்கும்போது, அந்த ஒரு முழ இடைவெளி வழியாகக் குரல் வந்தது.

"அக்கா, எனக்காவ கொளஞ்சியப்பரு கோயிலுக்குப் போனீங்களாமே. துர்கா சொன்னா."

ஆமாம் என்று சொன்னால் போதும். அந்த நல்ல பெயர் தனக்கே வந்து சேரும். கண்ணம்மாள் ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு முழுவதையும் சொன்னாள். பாவாடை, சுடிதார், பிராது, ராஜினாமா எல்லாம்.

அழுகிறாளா என்று கண்ணம்மாள் காதைச் சுவரில் வைத்தாள்.

"எலியத்தான அனுப்புனீங்க" என்றாள் பூர்ணிமா. "பாம்ப அனுப்பலியே, அது வரைக்கும் சரி." குரல் சிரிக்கப் பார்த்து, பாதியில் உடைந்தது. "ஆனா ஒன்னுக்கா. வூட்டச் சுத்தமா வெச்சிக்கன்னு சொன்னீங்க பாருங்க, அது எனக்கு ரொம்ப நாளைக்கு வலிக்கும்."

"வலிக்கட்டும்டி. நீ வலிக்குதுன்னு சொல்லு, நான் கேட்டுக்கறேன்."

"நானும் ஒன்னு சொல்லிடறேன். ஒங்க கருவாட்டத் தின்னுட்டுப் பூனை வரும் பாருங்க, அப்பல்லாம் நான் ஒரு கிண்ணம் பாலு ஊத்துவேன். அங்கியே தங்கிடுமோன்னு."

"அடிப் பாவி!"

இப்போது பூர்ணிமா நிஜமாகவே சிரித்தாள். சிரிப்பைக் கேட்டு, மூலையில் படித்துக்கொண்டிருந்த துர்கா எழுந்து அந்தப் பக்கம் ஓடினாள். கண்ணம்மாளுக்கு உள்ளே அந்தப் பழைய எரிச்சல் சுள்ளென்று ஒரு தடவை வந்து போனது. வந்ததை அவளே தடவிப் பார்த்துக்கொண்டாள். வெடிப்பு அங்கேதான் இருந்தது. சூளைக்குப் போகாத பொம்மை, இன்னும் ஈரம் இருக்கிறது, துடைத்துக்கொள்ளலாம்.

விளக்குப் பெட்டிக்குள் நாலு குட்டியும் பால் குடித்துக்கொண்டிருந்தன. அவள் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போய் வடக்குப் பக்கத்து ஆட்டுக்கல் அருகே வைத்தாள். தாய்ப்பூனை பின்னாலேயே வந்து பெட்டியை ஒரு சுற்று முகர்ந்து பார்த்தது. பிறகு ஒரு குட்டியைக் கழுத்தில் கவ்விக்கொண்டு, சுவர் ஏறி, தெற்குப் பக்கம் இறங்கியது.

"பாத்தியா பூர்ணி" என்றாள் கண்ணம்மாள். எவ்வளவு அடக்கியும் சந்தோஷம் குரலில் வந்துவிட்டது. "நான் ஒன்னும் கூப்புடல."